நூற்று முப்பத்தொரு டிக்

உள்ளறையிலிருந்து தேசிய கீதம் கேட்டது.

முதல் அடி மட்டும். பிறகு மறுபடியும் அதே முதல் அடி. ஆண் குரல்தான். கொஞ்சம் கரகரப்பு இருந்தது, ஆனால் சுருதி இம்மியும் பிசகவில்லை.

முன்னறையில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை சட்டென்று எழுந்து நின்றார். கையில் பாதி குடித்த காபி. அதைக் கீழே வைக்க நேரமில்லாமல் விறைத்து நின்றதில், மடியிலிருந்த பெரிய நீலப் பதிவேடு சரிந்து தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கவும் முடியாது. கீதம் ஒலிக்கும்போது அசையக் கூடாதல்லவா?

"உட்காருங்க மேடம், ஒண்ணுமில்ல. தண்ணி கேக்கறார்" என்றாள் தையல் டீச்சர்.

"தண்ணியா?"

"முதல் அடின்னா தண்ணி. ரெண்டாவது அடின்னா திருப்பிப் படுக்க வைக்கணும். மேல ஏறிப் பாடற இடம் வருதுல்ல, அது வந்தா வலி."

தலைமையாசிரியை உட்காரவில்லை. 'கீதம் எங்கிருந்து ஒலித்தாலும், எவ்வளவு ஒலித்தாலும் எழுந்து நிற்க வேண்டும்' என்று எல்லா வகுப்பறைக் கதவிலும் அச்சடித்து ஒட்டியவர் அவரேதான். தையல் டீச்சர் உள்ளே போய், மூக்கு வைத்த குவளையால் கணவரின் உதட்டோரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகட்டினாள். பாட்டு நின்றது. அப்புறம்தான் தலைமையாசிரியை உட்கார்ந்தார், காபியும் ஆறிப்போயிருந்தது.

இருபது வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தின் பஸ்ஸை ஓட்டிய மனுஷர் அவள் கணவர். தினமும் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, பஸ்ஸின் பக்கத்திலேயே நின்று கீதம் முடியும்வரை பாடிவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்றுதான் அவள் நினைத்தாள். வழுக்கவில்லை, வாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. 'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டு சொல்கூட மிஞ்சவில்லை. கட்டிய மனைவியை வாய்திறந்து கூப்பிட முடியாமல் அவர் கண்ணில் நீர் கோத்து நின்றதை அவள் நான்கு மாதம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் குடியிருந்தது பள்ளிக்கூடக் குடியிருப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் விளையாட்டு மைதானம். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் சுவர் தாண்டி கீதம் வந்தது. கட்டிலிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது! ஒரு வார்த்தை விடாமல், முதலிலிருந்து கடைசிவரை.

"பேச்சு வந்துடுச்சு! என்னங்க, பேச்சு வந்துடுச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். வந்தவர்கள் வாசலிலேயே அட்டென்ஷனில் நின்றுவிட்டார்கள், பாட்டு இன்னும் முடியாததால்.

டாக்டர் பிறகு விளக்கினார். மூளையில் பேச்சு இருக்கும் இடம் வேறாம், பழகிய பாட்டு தங்கும் இடம் வேறாம். பேச்சு திரும்புமா என்று கேட்டதற்கு அவர் மேஜையைப் பார்த்தார். அவள் தாலாட்டிலிருந்து வானொலிப் பாட்டுவரை எல்லாம் பாடிக் காட்டினாள். கணவர் அவளையே பார்த்தார், வாய் திறக்கவில்லை. அந்த ஒரு பாட்டுதான். அவருடைய பசியும் தாகமும் கோபமும் எல்லாம் அதற்குள்ளேயே அடைபட்டுப்போயின.

இந்த வீட்டுக்காரிக்குத்தான், யாருக்கு வரவேண்டிய வேலையோ, அந்த வேலை வந்து சேர்ந்தது.

தையல் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது. ஆகவே தையல் டீச்சர் என்றால் சும்மா இருப்பவள் என்று ஒரு எண்ணம். பேன் பார்ப்பது, தொலைந்த குடைகளைப் பாதுகாப்பது, வாந்தி எடுத்த பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவள் தலையில்தான் விழும். இருபத்துநான்கு வருஷமாக அப்படித்தான். அவளும் முகம் சுளித்ததில்லை. அவளுக்கிருந்த ஒரே கர்வம் அவள் கண். வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு தையல் கோணினால் முன்னாலிருந்தே தெரியும். "பிரிச்சுட்டுத் திரும்பத் தை" என்பாள். எந்தப் பிள்ளையும் அவளை ஏமாற்றியதில்லை.

மேலிடத்திலிருந்து அந்த உத்தரவு வந்த அன்று, தலைமையாசிரியைக்கு அந்தக் கண்தான் ஞாபகம் வந்தது. எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிள்ளைகளும் கீதம் பாடியே ஆகவேண்டும். பாடினார்களா என்று தினமும் பதிவேட்டில் பெயருக்குப் பெயர் குறிக்க வேண்டும். பாடினால் டிக். பாடாவிட்டால் பெருக்கல் குறி. மூன்று குறி விழுந்தால் பெற்றோரை வரச்சொல்ல வேண்டும். ஒன்பது விழுந்தால் மாற்றுச் சான்றிதழ், அதில் சிவப்பு மையில் 'ஒழுங்கீனம்' என்று ஒரு சொல். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகு எந்தப் பள்ளிக்கூடம் கதவைத் திறக்கும்?

மறுநாளிலிருந்து அவள் படிக்கட்டில் மூன்றாவது படியில் பதிவேட்டோடு நின்றாள். எதிரே நானூற்றுப் பன்னிரண்டு வாய்கள். பிள்ளைகள் அவளுக்கு 'வாய்ப்பாட்டு டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். கணக்கு வாத்தியார் சும்மா விடுவாரா?

"என்ன டீச்சர், இன்னிக்கு எத்தனை வாய் பாத்தீங்க? பேசாம பல் டாக்டருக்குப் படிச்சிருக்கலாம் நீங்க."

"அவர்கிட்ட வாயைத் திறந்தா வலி போகும் சார். என்கிட்ட திறக்கலேன்னா வலி வரும்" என்றாள் அவள். வாத்தியார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஏனென்றால் முதல் வாரத்திலேயே அவள் கண்ணில் அந்தப் பெண் பட்டுவிட்டாள். ஏழாம் வகுப்பு, இரண்டாவது வரிசை, ஓரத்தில் நிற்பவள். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும், பார்வை கொடியின் மேலேயே இருக்கும். உதடு மட்டும் அசையாது. கூடப் படிப்பவர்கள் அவளை 'பூட்டு' என்று கூப்பிட்டார்கள். கடைத்தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்பவரின் ஒரே மகள். வகுப்பிலேயே நன்றாகக் காஜா எடுப்பவளும் அவள்தான். அப்பாவின் விரல் அப்படியே மகளுக்கு வந்திருந்தது. பட்டன் நுழையும் அந்தச் சின்ன ஓட்டையைச் சுற்றி அவள் போட்ட தையலில் டீச்சரின் கண்ணுக்கே குறை அகப்படாது.

முதல் நாள் பேனா அந்தப் பெயரின் மேல் நின்றது. நாளைக்குப் பாடிவிடும் பிள்ளை என்று நினைத்து டிக் போட்டாள். நாளையும் போட்டாள். அதற்கு மறுநாளும்.

அந்தப் பெண் மட்டுமா? போன வருஷம் அம்மாவைப் பறிகொடுத்து, இரண்டாம் அடி வரும்போதே உதடு துடிக்கும் சின்னப் பெண் ஒருத்தி. வாயைத் திறந்தால் தவளைச் சத்தம் வருகிறதே என்று கூசிப்போன பத்தாம் வகுப்பு நெட்டையன் ஒருவன். புதிதாக வந்து சேர்ந்து, வார்த்தைகளே பிடிபடாத அண்ணனும் தங்கையும். காலையில் சாப்பிடாமல் வந்து கண் சொருகி நிற்கும் இரண்டு பேர். ஆக மொத்தம் ஏழு. ஏழு பேருக்கும் டிக். ஏழு மாதத்தில் அந்தப் பதிவேட்டில் ஒரு பெருக்கல் குறிகூட விழவில்லை. 'நூறு சதவீதம்' என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்து, அதைக் கண்ணாடி போட்டு ஆபீசில் மாட்டியும் ஆயிற்று.

ஒருநாள் தையல் வகுப்பில் அந்தப் பெண்ணே மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், நான் காலைல பாடறதில்ல."

"நூலைப் பல்லால கடிக்காதே. கத்திரி எதுக்கு இருக்கு?"

"எனக்கு டிக் போடறீங்களாமே. லீடர் பாத்துட்டுச் சொன்னா."

"லீடருக்கு வேற வேலை இல்ல?"

"எங்க வீட்ல கடவுளைத் தவிர வேற எதையும் பாட மாட்டோம் டீச்சர். மரியாதையா நிக்கணும்னு அப்பா சொல்லியிருக்கார். நிக்கிறேன். பாடாதவளைப் பாடினான்னு எழுதினா அது பொய்தானே?"

"வாயை மூடிக்கிட்டு காஜாவை எடு!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாயை மூடியிருப்பதற்காகத்தானே இவ்வளவு பாடும்! பெண் போய் உட்கார்ந்து தைத்தாள்.

எட்டாம் மாதம் இன்னொரு சுற்றறிக்கை வந்தது. யாரோ எங்கோ வழக்குப் போட்டிருந்தார்கள் போலும். மத நம்பிக்கை காரணமாக, சேர்ந்த நாள் முதல் ஒருநாளும் பாடாமல், மரியாதையாக நின்றுவந்த பிள்ளைகளுக்கு இனி விலக்கு உண்டு. பெற்றோர் எழுதித் தர வேண்டும். உண்மையா என்பதைப் பதிவேட்டைப் பார்த்துக் குழு முடிவு செய்யும்.

தையல் டீச்சர் அதை நான்கு முறை படித்தாள். பதிவேட்டை எடுத்து அந்தப் பெயருக்கு எதிரே இருந்த டிக்குகளை எண்ணினாள்.

கடிகாரக்காரர் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். 'என் மகள் முதல் நாளிலிருந்து ஒருநாளும் பாடியதில்லை.' குழு பதிவேட்டைத் திறந்தது. நூற்று முப்பத்தொரு நாள், நூற்று முப்பத்தொரு டிக்.

"ஏழு மாசம் ஜோராப் பாடியிருக்கே உங்க பொண்ணு! சலுகைன்னு சொன்னதும்தான் சாமி ஞாபகம் வந்துச்சாக்கும்?" என்று குழுவில் ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்களாம். பொய்ச் சாட்சி சொன்ன தகப்பன், பிடிவாதம் பிடிக்கும் மகள் என்று ஆகிவிட்டது. அன்றே அந்தப் பெண்ணை வகுப்பிலிருந்து நிறுத்தினார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குக் கடைசி முடிவு. பொய் சொன்னதற்கும் அதே மாற்றுச் சான்றிதழ்தான்; சிவப்பு மை தயாராக இருந்தது.

வியாழக்கிழமை மருந்துக்கடை வாசலில் கடிகாரக்காரர் அவளை நிறுத்தினார். ஒற்றைக்கண் பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து கழற்ற மறந்து வந்திருந்தார்.

"டீச்சரம்மா, நான் சண்டைக்கு வரல. எம்பொண்ணு மேல நீங்க வச்ச பாசத்துலதான் செஞ்சீங்க. அது தெரியும். ஆனா பாருங்க, அந்தப் பாசம் என்னைப் பொய்யனாக்கிடுச்சு. அவ வீட்ல யார்கூடவும் பேசறதில்ல. 'நான் நிஜமா பாடலப்பா'ன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்றா. எனக்குத் தெரியாதா? எனக்கே சொல்றா."

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள். மூன்று நாளாகியும் ஒன்றும் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் இந்த வீடும் போகும். அசைய முடியாத மனுஷரைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பாள் அவள்?

இப்போது ஞாயிற்றுக்கிழமை. தலைமையாசிரியையே தேடி வந்து, ஆறிய காபியைத் தள்ளி வைத்து, ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நாளைக்குக் குழுவுக்கு இது வேணும் டீச்சர். 'பதிவேட்டில் உள்ள எல்லாக் குறிகளும் நான் நேரில் பார்த்து இட்டவை.' அவ்வளவுதான். கீழ ஒரு கையெழுத்து."

தையல் டீச்சர் காகிதத்தைப் பார்த்தாள். பேனாவைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு பாடவே இல்ல மேடம்."

வெளியே வந்துவிட்டது! மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார் தலைமையாசிரியை.

"தெரியுமா?"

"நான் மேடையில நிக்கிறவ. ரெண்டாவது வரிசை எனக்குத் தெரியாம போகுமா? நீங்க டிக் போட்டுட்டே இருந்தீங்க. நல்லவேளைன்னு நானும் பேசாம இருந்துட்டேன்."

"அப்படின்னா நாளைக்கு நீங்களே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தீங்கன்னு கேட்டா? அந்தப் பாராட்டுக் கடிதத்தை எங்க கொண்டுபோய் ஒளிச்சு வைக்கிறது?" அவர் குரல் தாழ்ந்தது. "நானும் பொண்ணு பெத்தவதான் டீச்சர். என்னைக் கல்லுன்னு நினைக்காதீங்க."

"நான் எழுதித் தர்றேன். அவளுக்குத் தப்பா டிக் போட்டேன்னு. என்ன வேணா செய்யட்டும்."

"எழுதுங்க. குழுவுல அடுத்த கேள்வி என்ன வரும்னு யோசிச்சீங்களா? வேற யார் யாருக்குத் தப்பாப் போட்டீங்கன்னு கேப்பாங்க. பேர் சொல்லணும். சத்தியம் பண்ணிச் சொல்லணும். இந்தப் பொண்ணுக்காவது நம்பிக்கைன்னு ஒரு காரணம் இருக்கு, விலக்கு கிடைக்கும். அம்மா இல்லாத அந்தப் பிள்ளைக்கு எந்த விதியில விலக்கு? அந்த நெட்டையனுக்கு? ஒரே நாள்ல எல்லாருக்கும் சிவப்பு மை. இதுக்கு நீங்க தயாரா?"

ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஆறு பிள்ளைகளைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஆறு பேரைக் காப்பாற்ற ஒருத்தியை விட்டுவிட வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அந்தச் சுவரைக் கட்டியதும் அவளே, ஒவ்வொரு டிக்காக, இரக்கம் என்று நினைத்துக் கட்டியது.

உள்ளே பாட்டு திடீரென்று மேலேறியது. அந்த உச்சமான இடம். வலி.

தலைமையாசிரியை எழுந்து நின்றார். இவள் உள்ளே ஓடினாள். கணவரின் கால் கட்டைபோல் முறுக்கிக் கிடந்தது. தொடையிலிருந்து பாதம்வரை அழுத்தி நீவிவிட்டாள். அவர் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வாய் மட்டும் நாட்டின் பெருமையைக் கணீரென்று பாடியது. இந்த வாயை யாராவது மூன்றாம் படியில் நின்று பார்த்தால் என்ன குறி போடுவார்கள்? டிக்தான். நன்றாகப் பாடினார் என்று நூற்றுக்கு நூறு கொடுப்பார்கள். இந்த மனுஷர் என்ன சொல்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரிய எத்தனை மாதமாயிற்று!

வாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் பார்த்தேன் என்று சொல்வதில்தான் இவ்வளவு கேடும்.

அவள் வெளியே வந்தபோது தலைமையாசிரியை அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"முடிஞ்சுடுச்சா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார்.

"மூச்சு வாங்கறார். இனிமே பாட மாட்டார். உட்காருங்க."

தலைமையாசிரியை நீட்டிய காகிதத்தைத் தையல் டீச்சர் வாங்கவில்லை. அலமாரியிலிருந்து தாள் ஒன்றை எடுத்து, தையல் மெஷின்மேல் வைத்து எழுதினாள். நிறுத்தாமல் எழுதினாள். எழுதி முடித்து அவர் கையில் கொடுத்தாள். தலைமையாசிரியை படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

'நான் ஒருநாளும் மாணவர்களின் முகத்தைப் பார்த்துக் குறியிடவில்லை. கீதம் தொடங்குமுன்பே எல்லாப் பெயர்களுக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டுவிடுவது என் வழக்கம். வேலையில் அக்கறையின்றி இருந்தேன். ஆகவே இந்தப் பதிவேட்டில் எந்தப் பெயருக்கு எதிரே உள்ள குறியையும் நம்ப வேண்டாம்.'

"இது பொய்."

"ஆமா மேடம்."

"தையல் ஒரு நூல் கோணினாப் பிரிக்கச் சொல்ற ஆளு நீங்க. இருபத்துநாலு வருஷம்! வேலையே பாக்காத சோம்பேறின்னு உங்க கையாலயே எழுதித் தர்றீங்க."

"பாத்தேன்னு சொன்னாத்தானே யார் யாருன்னு கேப்பாங்க? பாக்கவே இல்லைன்னா எந்தப் பேரைச் சொல்றது? பதிவேடே செல்லாதுன்னா, அந்த அப்பாவோட பேச்சைத்தான் எடுத்துக்கணும். வேற சாட்சி இல்லையே."

"ஒரு பிள்ளைக்கு இரக்கப்பட்டுப் போட்டேன்னா மன்னிப்பாவது கிடைக்கும். இதுக்கு என்ன கிடைக்கும் தெரியுமா?"

அந்த ஒரு கர்வத்தை, அந்தக் கண்ணைத்தான் அவள் தன் கையால் குத்திக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கணக்கு வாத்தியார் படிப்பார். குழுவில் சிரித்த அந்த ஆள் படிப்பார். அவளிடம் தையல் கற்றுக்கொண்டு பிள்ளை பெற்ற பெண்கள்கூடக் கேள்விப்படுவார்கள். டீச்சர் அப்படியா என்பார்கள். இல்லை என்று ஒருவரிடமும் சொல்ல முடியாது, சாகும்வரை.

"எங்க போவீங்க? இவரையும் தூக்கிக்கிட்டு?"

"தெரியல மேடம்."

"அண்ணன் தம்பி யாராவது?"

"தம்பி வீட்ல மாடிப்படி. இவரை ஏத்த முடியாது. அவன் சம்சாரமும் இறக்கிட்டாத் தேவலைன்னுதான் பார்ப்பா."

தலைமையாசிரியைக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அது அழுகையாகி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷம் ஒரே பள்ளியில் இருந்தும் இந்த இரண்டு பெண்களும் ஒருவர் முன்னால் ஒருவர் அழுதது அன்றைக்குத்தான்.

தாளை நான்காக மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தார். எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, கையை நீட்டிப் பதிவேட்டைக் காட்டினார்.

"கடைசியாக் கேக்கறேன். கிழிச்சுப் போட்டுடட்டுமா? நான் வந்ததும் தெரியாது, நீங்க எழுதினதும் தெரியாது."

தையல் டீச்சர் தலையை அசைத்தாள். வேண்டாம்.

"வீட்டுக்கு மாசக் கடைசி வரைக்கும் யாரையும் அனுப்பாம பாத்துக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"அந்தப் பொண்ணு நாளைக்கு வகுப்புக்கு வரலாமா மேடம்?"

தலைமையாசிரியை செருப்பை மாட்டிக்கொண்டு, வார் சரியாக விழவில்லை என்று குனிந்து, நிமிர்ந்தார்.

"பதினோரு மணிக்கு மேல வரச் சொல்லுங்க. பத்து மணிக்குக் குழு. உங்களையும் கூப்பிடுவாங்க. அங்க வந்து மனசு மாறிடாதீங்க. மாறினா எல்லாரும் மாட்டுவோம்."

"மாற மாட்டேன்."

"குனிஞ்ச தலை நிமிராம நில்லுங்க. அவங்களுக்கு அதுதான் பிடிக்கும்."

அவர் படியிறங்கிப் போனார். நீலப் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் தெருவைக் கடந்தார். தையல் டீச்சர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கூப்பிட்டால் இன்னும் கேட்கும் தூரம்தான். வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.